மேல்மாடி ஃப்ளாட்டில் நான்கு பலகைகள்: எங்கே, எப்படி வைப்பது?

திருவான்மியூர்க்காரி

வணக்கம். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரம். நான்காவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். சொந்த வீடு என்பதால் சுவரில் துளை போடத் தடையில்லை. வைக்க வேண்டியவை அலைச்சறுக்கு, நீர்விளையாட்டுப் பலகைகள் நான்கு:

6 அடி 2 அங்குல ஷார்ட்போர்டு, பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம், பாலியெஸ்டர் ரெசின் (பிசின்).
7 அடி 6 அங்குல ஃபன்போர்டு, இ.பி.எஸ். ஃபோம், எபாக்ஸி. டெக் (மேல்பக்கம்) கரும்பச்சை நிறம்.
10 அடி 6 அங்குலக் காற்றடிக்கும் சப் பலகை (நின்றபடி துடுப்புப் போடுவது).
138 செ.மீ. வேக்போர்டு (படகு இழுக்க, நின்று சறுக்குவது), பைண்டிங்குடன் (பாதத்தைப் பூட்டும் காலணி).

கண்ணில் படும் இடங்கள் ஐந்து. மேற்குப் பார்த்த பால்கனி, கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், பெட்ரூம் லாஃப்ட் (2 அடி ஆழம், 8 அடி நீளம்), ஹால் சுவர். அக்டோபர் முதல் ஜனவரி வரை பலகைகளைத் தொடப் போவதில்லை, அதனால் மழைக்காலம் முழுவதும் சும்மா கிடக்கும்.

இன்னொன்று. ஃபன்போர்டின் டெக்கில், முன்கால் வைக்கும் இடத்தில், பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புடைப்பு. அழுத்தினால் உள்ளே போய் மறுபடி எழும்புகிறது. வைத்த இடத்தால் வந்ததா? இப்போதைக்கு பால்கனியில், வெள்ளி நிற உறைக்குள் இருக்கிறது.

---

பிசின்கை

புடைப்புக்குக் காரணம் அந்த உறையும் பால்கனியும்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இ.பி.எஸ். என்பது நமக்குத் தெரிந்த தெர்மோகோல்தான், கொஞ்சம் அடர்த்தி கூடியது. மணிமணியாக இருக்கும், மணிகளுக்குள்ளும் நடுவிலும் காற்று. சூடேறினால் அந்தக் காற்று விரியும். அதே நேரம் எபாக்ஸி ரெசினும் இளகும். சாதாரண அறைச் சூட்டில் இறுகவைத்த எபாக்ஸி 50, 60 டிகிரியைத் தாண்டினாலே விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். உள்ளேயிருந்து காற்று தள்ளுகிறது, மேலே ஒட்டு தளர்ந்திருக்கிறது, ஃபைபர் தோல் ஃபோமை விட்டு எழும்பிவிடும். காலால் மிதித்து ஏற்கெனவே ஃபோம் அமுங்கிய இடம்தான் முதலில் விடும். முன்கால் இடத்தில் வந்திருப்பது அதனால்தான்.

வெள்ளி உறை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் கிடக்கும்போது சரி. மாலை நான்கு மணி நேரம் மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியில், ஜிப் மூடிய உறை உள்ளே சூட்டைச் சேர்த்து வைக்கும். டெக் கரும்பச்சை என்றால் இன்னும் மோசம். பலகையில் சிறு வட்டமாக ஒரு வெண்ட் (காற்றுப் போக்கி) இருக்கிறதா பாருங்கள். திருகு வகையாக இருந்தால் வீட்டில் இருக்கும்போது திறந்தே வையுங்கள், தண்ணீரில் இறங்கும் முன் மட்டும் மூடுங்கள். திருகு இல்லாத சவ்வு வகை தானே காற்றை விடும். அதன் மேல் வாக்ஸ் (கால் வழுக்காமல் பூசும் மெழுகு) பூசி அடைத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இடங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவோம்.

பால்கனி: வேண்டாம். பி.யு. பலகையும் அங்கே மஞ்சளாகும், பாலியெஸ்டர் ரெசினுக்குப் புற ஊதா ஆகாது.

ஸ்டில்ட் பார்க்கிங்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் சென்னையில் எத்தனை பார்க்கிங்குகளில் தண்ணீர் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தொடாமல் விடப்போகும் மாதங்களும் அதே மாதங்கள்தான். எலியும் உண்டு. கால் வழுக்காமல் ஒட்டியிருக்கும் ட்ராக்ஷன் பேடின் ஈ.வி.ஏ. ஃபோம் எலிக்கு ரொம்பப் பிடிக்கும்.

மொட்டை மாடி: காலையில் நிழல் இருக்கும் இடத்தில் மதியம் இருக்காது. புயல் காற்றில் 5 கிலோ பலகை பறக்கும், அடுத்த வீட்டுக்காரர் தலைக்கும் ஆபத்து.

லாஃப்ட்: மேல்தளத்து வீட்டில் கூரை ஸ்லாப் பகல் முழுவதும் வெந்து, இரவில் சூட்டைக் கீழே விடும். கத்திரி வெயிலில் ஸ்லாப்புக்கு ஒரு அடி கீழே இருக்கும் காற்று, அறையின் நடுவில் இருப்பதைவிட நன்றாகவே சூடாக இருக்கும். ஊகிக்க வேண்டாம். அதிகபட்சம், குறைந்தபட்சம் பதிவாகும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி, ஈரப்பதமும் காட்டுவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லாஃப்டில் மூன்று நாள், ஹால் சுவரருகே மூன்று நாள் வைத்துப் பாருங்கள். அதிகபட்சம் 40-க்குக் கீழே நின்றால் எந்தப் பலகையையும் வைக்கலாம். 45-ஐத் தொட்டால் இ.பி.எஸ். பலகை அங்கே ஏறக் கூடாது. இது என் வரம்பு. கொஞ்சம் முன்ஜாக்கிரதையானதுதான், ஆனால் ஒருமுறை தோல் எழும்பினால் பழையபடி ஆகாது.

லாஃப்ட் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அங்கே அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீனைத் தின்னும். ஃபைபர் தோல் முழுசாக இருக்கும்வரை காப்பாற்றும், ஆனால் ஒரு விரிசல் இருந்தாலும் உள்ளே தெர்மோகோல் கரைந்து குழியாகும். பெயின்ட் தின்னர், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் இதே விதி.

நான்கு மாதம் வைக்கும் முன் செய்ய வேண்டியது:

வாக்ஸ் முழுவதையும் எடுங்கள். பத்து நிமிடம் இளவெயிலில் வைத்தால் மெத்தென்றாகும், சீப்பால் வழித்து, மிச்சத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் வந்துவிடும். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை புது வாக்ஸ் பிடிக்காது. வாக்ஸை எடுப்பது அழகுக்காக மட்டும் இல்லை. அதன் அடியில்தான் மயிரிழை விரிசல்கள் ஒளிந்திருக்கும்.

ஃபின்களை, அதாவது பலகையின் அடியில் இருக்கும் துடுப்புகளை, கழற்றுங்கள். வழக்கமான இரண்டு ஃபின் பெட்டி முறைகளுக்கும் 3/32 அங்குல ஆலன் கீ போதும். திருகுகளை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சின்ன டப்பாவில். பெட்டிக்குள்ளேயே விட்டால் கடற்காற்றில் துரு பிடித்து, பிறகு திருகின் தலை வழுக்கிப் போகும்.

தொங்கு தராசில் பலகையை எடை போடுங்கள். 6'2" பி.யு. ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். உலர்ந்த எடையை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஃபின் பெட்டி அருகே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை 150, 200 கிராம் கூடியிருந்தால் எங்கோ தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். இ.பி.எஸ். மணிகளுக்கு இடையே தண்ணீர் வேகமாக ஊறும், பி.யு.-வில் மெதுவாக. விரிசல் தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே வருமாறு நிழலில் சாய்த்து, எடை இறங்கி நிற்கும்வரை நாள்கணக்கில் விடுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டுப் போட்டு மூடினால் உள்ளேயே அழுகும், அடுத்த வெயிலில் ஒட்டு எழும்பும்.

ஒட்டுக்கு எந்த ரெசின் என்பதில் தவறவே கூடாது. பி.யு. பலகைக்கு இரண்டும் சரி. இ.பி.எஸ். பலகைக்கு எபாக்ஸி மட்டும். பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கண்முன்னே உருக்கிக் குழியாக்கும். வெயிலில் காயும் ட்யூப் ரெசின் வாங்கினாலும் அட்டையில் 'எபாக்ஸி' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

உங்கள் புடைப்பு நாணய அளவுதான் என்பதால் தோலை வெட்ட வேண்டாம். புடைப்பின் இரு ஓரத்தில் 3 மி.மீ. துளை ஒவ்வொன்று, தோலை மட்டும் தாண்டும் ஆழம். ஒன்றில் சிரிஞ்சால் எபாக்ஸி செலுத்துங்கள், மற்றதில் எட்டிப் பார்க்கும்வரை. 3 முதல் 5 மில்லி பிடிக்கும். மேலே பாலித்தீன் தாள், அதன் மேல் 3 கிலோ மணல் மூட்டை, ஓர் இரவு. எபாக்ஸி பாலித்தீனில் ஒட்டாது. மறுநாள் 120, பிறகு 220 உப்புத்தாள்.

---

சுவர்துளை

பிசின்கை சொன்னபடி பார்த்தால் மிஞ்சுவது ஹால் சுவர்தான். அங்கே துளை போடும் முன் சுவர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணில் படாத மூலையில் 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை. சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், மெஷின் திணறினால் கான்கிரீட் அல்லது சாலிட் பிளாக். வெள்ளைத் தூள், வெண்ணெயில் போவதுபோல் போனால் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கல்). முதல் 12, 15 மி.மீ. வருவது பூச்சுத் தூள், அதை வைத்து முடிவு பண்ணாதீர்கள்.

செங்கல் என்றால் 8 மி.மீ. நைலான் பிளக், நீளம் 60 மி.மீ.-க்குக் குறையாமல். கடையில் சாதாரணமாகத் தரும் 35 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சிலேயே நிற்கும், பூச்சோடு பெயர்ந்து வரும். ஸ்க்ரூ எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304, கிடைத்தால் 316. கடலோரத்தில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஸ்க்ரூ இரண்டே வருடத்தில் சுவரில் பழுப்புக் கோடு இழுக்கும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளை கூடாது, ஒயர் பைப் அந்த வழியில்தான் போகும். பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவரும் வேண்டாம். பைப் ஒரு காரணம், கசிவு ஈரத்தில் பைண்டிங் பூஞ்சை பிடிக்கும் என்பது இன்னொன்று.

அளவுகள். இரண்டு தாங்கிகளுக்கும் நடுவே பலகை நீளத்தில் பாதி இருந்தால் நல்லது. 6'2" என்பது 188 செ.மீ., 7'6" என்பது 229 செ.மீ. இரண்டுக்கும் பொதுவாக 100 செ.மீ. இடைவெளி ஒத்துவரும். தாங்கிகளை ரொம்ப நெருக்கினால் நோஸ் (முன்முனை) தட்டினாலே பலகை கவிழும். ரொம்ப விலக்கினால் ராக்கர் வளைவால் (முனைகள் மேல்நோக்கி வளைந்திருப்பது) நடுப்பகுதி தாங்கியில் உட்காராமல் இரு முனைகளில் மட்டும் எடை நிற்கும்.

பலகையைப் படுக்க வைப்பதா, ரெயில் (பக்க விளிம்பு) மேல் நிறுத்துவதா? படுக்க வைத்தால் கை நீளம் 45 செ.மீ.-க்கு மேல் வேண்டும், ஹாலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ரெயில் மேல் நிறுத்தினால் ஒவ்வொரு பலகைக்கும் 10 செ.மீ. காடி, அதாவது பலகை உட்காரும் பள்ளம், போதும். ஃப்ளாட்டுக்கு இதுதான் தோது. காடியின் வெளி முனை 5 டிகிரியாவது மேல்நோக்கி இருக்கட்டும், யாராவது இடித்தால் வழுக்கி விழாது. கீழ்க் காடி குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், மேல் விளிம்புக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓர் ஒன்றரை அடியாவது விட்டு.

மெத்தைக்கு ஏ.சி. செம்புக் குழாய்மேல் போடும் கறுப்பு ரப்பர் இன்சுலேஷன் போதும், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஆனால் அது நேராகப் பலகையில் படக் கூடாது. சூட்டில் ஒட்டிக்கொண்டு கறை விடும். மேலே பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்துவிடுங்கள்.

---

அலைக்குறி

ஒரே ஒரு இடத்தில் பிசின்கையோடு எனக்கு மாற்றுக் கருத்து. உறையே வேண்டாம் என்பதுபோல் படிக்கிறவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாலில் மின்விசிறி காற்று, தூசு, சமையல் பிசுக்கு, மோதும் நாற்காலி எல்லாம் இருக்கிறது. மூடாமல் விட்ட பலகையில்தான் சின்னச் சின்ன அடி விழும்.

---

பிசின்கை

மூடலாம், அலைக்குறி. மூச்சு விடாத உறைதான் வேண்டாம் என்கிறேன். உள்ளே ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக் உட்புறமும் கொண்ட பயண உறை, மழைக்காலத்தில் ஒரு துளி உப்பீரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். ஃபின் திருகு துருப்பிடிப்பதும் லீஷ் (பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு) வெல்க்ரோவில் பூஞ்சை வருவதும் அதற்குள்தான். வீட்டுக்கு பனியன் துணி உறை அல்லது பழைய பருத்திப் புடவையில் தைத்த உறை. நோஸுக்கு மட்டும் உள்ளே இரண்டு மடிப்பு டவல் வைத்துத் தைத்தால் அடிக்கும் பாதுகாப்பு.

---

அலைக்குறி

அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். லீஷையும் சொல்லிவிடுகிறேன். பலகையைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நான்கு மாதத்தில் அந்தச் சுருள் அப்படியே படிந்துவிடும், பிறகு தண்ணீரில் காலைச் சுற்றும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, சுவிவலை (சுழலும் இணைப்பை) சுற்றிச் சுற்றி உள்ளே இருக்கும் மணலைப் போக்கி, நேராகத் தொங்கவிடுங்கள். பலகையோடு கட்டும் சின்னக் கயிறு நைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

---

திருவான்மியூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் அளந்துவிட்டேன். லாஃப்டில் அதிகபட்சம் 41, ஹால் சுவரருகே 34. இது செப்டம்பர், மே மாதத்தில் லாஃப்ட் இன்னும் ஏறும் என்பது புரிகிறது. ஃபன்போர்டு பால்கனியிலிருந்து உள்ளே வந்துவிட்டது, திருகு வெண்ட் இருக்கிறது, இறுக மூடித்தான் இருந்தது.

சோதனைத் துளையில் வந்தது வெள்ளைத் தூள். ஏ.ஏ.சி. தானே? தாங்குமா? வேக்போர்டையும் சப்பையும் பற்றியும் சொல்லுங்கள். சப்பை எப்போதும் சுருட்டியே வைக்கலாமா, காற்றடித்து விடுவதா?

---

சுவர்துளை

ஏ.ஏ.சி.தான். தாங்கும், ஆனால் சாதாரண பிளக் வேண்டாம். அது விரிந்து பிடிப்பது, இந்தக் கல் விரிவைத் தாங்காமல் நொறுங்கும். ஏ.ஏ.சி.-க்கென்றே வரும் மரை போன்ற ஆங்கர் அல்லது 100 மி.மீ. நீள ஃப்ரேம் ஃபிக்ஸிங் கேளுங்கள். துளை போடும்போது டிரில்லில் ஹாமரை அணைத்துவிட்டுச் சுழற்சியில் மட்டும். ஹாமரில் போட்டால் 8 மி.மீ. துளை 10 ஆகிவிடும், எந்த பிளக்கும் நிற்காது.

முக்கியமானது எடை இல்லை, நெம்பும் விசை. ஃபன்போர்டு 5 கிலோ, ஷார்ட்போர்டு 3, ரேக் ஒரு 4 கிலோ, கூட்டினால் 12 கிலோதான். ஒரு பக்கத்துக்கு 6 கிலோ. அது சுவரிலிருந்து சராசரி 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. பிராக்கெட் தகடு 10 செ.மீ. உயரம் என்றால் மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசை 6 × 15 ÷ 10, அதாவது 9 கிலோ. அதே கையை 60 செ.மீ. நீள மரச்சட்டத்தில் மாட்டி, சட்டத்தைச் சுவரில் அடித்தால் 6 × 15 ÷ 60, ஒன்றரை கிலோ. பலகையை எடுத்து வைக்கும்போது கையால் அழுத்துவது இதைப்போலப் பல மடங்கு என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

ஆகவே 10 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், 18 மி.மீ. மரைன் பிளைவுட் சட்டம் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு ஆங்கர். ஓரங்களையும் வெட்டு முகத்தையும் வார்னிஷ் அடித்து மூடுங்கள். ஆங்கர்கள் பிளாக்கின் விளிம்பில், அதாவது கலவை மூட்டருகே விழாமல் 5 செ.மீ. உள்ளே தள்ளி விழட்டும். தூண் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு சட்டத்தையாவது தூணில் அடியுங்கள், அங்கே சாதாரண 8 மி.மீ. பிளக்கே போதும், அங்கே மட்டும் ஹாமர் வேண்டும்.

---

மரைஎம்6

வேக்போர்டுக்கு அறையில் பெரிய இடம் வேண்டாம், கவனம் முழுக்க பைண்டிங்கில்தான்.

பைண்டிங்கின் உள்ளே ஈ.வி.ஏ. ஃபோம், அதன்மேல் துணி, வெளியே செயற்கைத் தோல், எல்லாம் பசையால் ஒட்டியவை. உப்புத் தண்ணீரோடு விட்டால் நாறும், வெயிலில் காயவைத்தால் பசை விட்டு அடுக்கடுக்காகப் பிரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி: நல்ல தண்ணீரில் அலசி, நாடாவை அடிக்கண் வரை தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, லைனர் தனியாக வருமானால் வெளியே எடுத்து, உள்ளே கசக்கிய நாளிதழ் தாளைத் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். மூன்று முறை மாற்றினால் போதும், பிறகு மின்விசிறியடியில் ஓர் இரவு. ஹேர் ட்ரையர் கூடவே கூடாது. ஏற்கெனவே வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணீர், துணியில் தொட்டுத் துடையுங்கள். ப்ளீச் போட்டால் தையல் நூல் இற்றுவிடும்.

நான்கு மாதம் தொடாமல் விடுவதால் பைண்டிங்கைக் கழற்றுவதே நல்லது. தட்டுக்கு அடியில் உப்பும் மணலும் தேங்கும், பார்த்தால் தெரியாது. இன்செர்ட்டுகள் (பலகையில் பதித்த மரைத் துளைகள்) எம்6 மரை, திருகு தலைக்கு 3-ஆம் எண் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர். வீட்டில் எல்லோரிடமும் இருப்பது 2-ஆம் எண். அது தலையில் முழுசாக உட்காராமல் வழுக்கி, குறுக்குவெட்டை வட்டமாக்கிவிடும். மறுபடி பூட்டும்போது கையால் இரண்டு சுற்று சுலபமாக இறங்கினால் மட்டுமே டிரைவர். பவர் டிரில்லால் பூட்டாதீர்கள், மரை மாறி ஏறினால் இன்செர்ட்டே சுழலத் தொடங்கும், அதைச் சரிசெய்யப் பலகையைக் குடைய வேண்டியிருக்கும். பைண்டிங் எந்தக் கோணத்தில், எந்தத் துளையில் இருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கழற்றிய பலகை ஒரு சாண் இடத்தில் நிற்கும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், டெயிலுக்கு (பின்முனைக்கு) அடியில் மிதியடி வைத்து நிமிர்த்தி. கட்டிலுக்கு அடியில் போட்டு அதன்மேல் பெட்டி அடுக்காதீர்கள். வேக்போர்டு தரையில் படியும் வடிவம் இல்லை, நடுவில் எடை ஏறினால் வளைவு மெல்ல மெல்ல மாறும். மர உள்ளகம் கொண்ட பலகை என்றால் விளிம்பில் ஆழமான வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் உலர்ந்த பிறகு எபாக்ஸியால் மூடிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் உப்பி அடித்தகடு பிரியும். கைட் ட்வின்டிப் (பட்டம் இழுக்கச் சறுக்கும் பலகை) வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

---

துடுப்பு_முறை

சப் கேள்விக்கு: இடம் இருந்தால் மெல்லிய காற்றோடு, இல்லையென்றால் தளர்வாகச் சுருட்டி. 320 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலத்துக்கு ஃப்ளாட்டில் இடம் இருக்காது, அதனால் சுருட்டுவதையே சொல்கிறேன்.

முதலில், தண்ணீரில் இல்லாமல் கரையில் வைத்திருக்கும்போது முழு அழுத்தத்தில் விடாதீர்கள். 30 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்த பலகை 60 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 18 ஆகும். இது அழுத்தமானி காட்டும் கணக்கு. பலகையில் எழுதிய உச்சவரம்பை அது தொடலாம். அதைவிட ஆபத்து, சூட்டில் ஓரப் பட்டையின் பசை இளகியிருக்கும் நேரத்தில்தான் அழுத்தமும் கூடுகிறது. ஓரத்தில் விரல் தடிமனுக்குக் குமிழ் ஓடுவது இப்படித்தான்.

சுருட்டும் முறை. நல்ல தண்ணீரில் கழுவி, 3 முதல் 5 பி.எஸ்.ஐ. வைத்து நிழலில் ஒரு பக்கம் ஒரு மணி நேரம், திருப்பி இன்னொரு மணி நேரம். டெக் பேட் ஓரம், டி-வளையங்களின் அடி, ஃபின் பெட்டி இந்த மூன்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், துணி முனையை நுழைத்து ஒற்றி எடுங்கள். பிறகு வால்வு முள்ளை அழுத்திக் கீழ் நிலையில் நிறுத்துங்கள், அப்போதுதான் காற்று தொடர்ந்து வெளியேறும். வால்வு இல்லாத முனையிலிருந்து வால்வை நோக்கிச் சுருட்டுங்கள். பெரும்பாலும் வால்வு டெயிலில், அதனால் நோஸிலிருந்து தொடங்குவீர்கள். இறுக்கிக் கட்டிப் பையில் திணிக்காதீர்கள், கூர்மடிப்பு விழுந்த இடத்தில்தான் பி.வி.சி. பின்னால் வெடிக்கும். நடுவில் ஒரு கை நுழையும் வளைவு இருக்கட்டும். முடிந்ததும் வால்வு மூடியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு குடியேறும். மணல் துகள் ஒன்று வால்வு ரப்பரில் உட்கார்ந்தாலும் அடுத்த முறை காற்று நிற்காது.

நாலு மாதத்தில் பாதி வழியில் ஒருமுறை பிரித்துக் காற்று காட்டி, வேறு இடத்தில் மடிப்பு விழுமாறு சுருட்டுங்கள். ஜனவரியில் காற்று இறங்குகிறது என்றால் ஓட்டை தேடும் முன் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பல நேரம் வால்வு தளர்ந்திருக்கும், ரிப்பேர் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சாவியால் வலப்பக்கம் திருகினால் தீர்ந்தது. வளைந்த ஃபினை சுடுநீரில் மூன்று நிமிடம் வைத்து, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நேராகும்.

லாஃப்ட் 41 என்றால் சுருட்டிய சப் அங்கே போகலாம், மழை மாதங்களில் அது இன்னும் குளிரும். ஏப்ரலுக்குள் கீழே இறக்கிவிடுங்கள்.

---

பொத்துவில்_கரை

இங்கே இலங்கையில அறுகம்பேயில் சீசன் ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை. மற்ற ஆறு மாதமும் பலகைகள் மழைக்குள்ள சும்மா கிடக்கும், அதனால உங்கட நிலைமைதான் எங்களுக்கும்.

கூரை என்ன என்பதுதான் பெரிய விசயம். தகரக் கூரைக்குக் கீழே வைத்த பலகையும் கிடுகுக் கூரைக்குக் கீழே வைத்த பலகையும் ஒரே வயசு என்று சொல்லேலாது. தகரம்தான் இருக்கென்றால் அதுக்குக் கீழே கிடுகு ஒரு தட்டு வேய்ந்து, நடுவில் காற்றோட விடுங்கோ. கான்கிரீட் மேல்மாடிக்கும் இது பொருந்தும், மொட்டை மாடித் தரையில் வெள்ளைப் பூச்சு அடித்தாலே கீழே வித்தியாசம் தெரியும்.

பலகைகளை ஒன்றுக்கு மேல ஒன்றாக அடுக்க வேண்டி வந்தால் மூன்றுக்கு மேல போகாதேங்கோ. வாக்ஸ் முழுக்க எடுத்து, டெக்கும் டெக்கும் பார்த்தபடி, நடுவில் துணி. அடியில் இருக்கிறதுக்குத்தான் முழுப் பாரமும் விழும், அதனால பாரமான நீளப் பலகை அடியில். கயிற்றால கட்டித் தூக்க வேண்டாம், தும்புக் கயிறு ரெயிலை அறுக்கும். அகலமான நைலோன் பட்டி பாவியுங்கோ.

மேல் பக்கம் மெத்தென்ற ஃபோம் இருக்கிற பழகுநர் பலகை வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேணும். அதை 'எதையும் தாங்கும்' என்று நினைத்து வெளியே விடுவார்கள். வெயிலில் முதலில் குமிழ் எழும்புவது அதில்தான், பசையால மட்டும் ஒட்டியது. நிழல் அதுக்கும் வேணும்.

---

திருவான்மியூர்க்காரி

முடிவு இப்படி. ஹாலில் சோபாவுக்கு மேலே இரண்டு சட்டம், ரெயில் காடி, ஃபன்போர்டும் ஷார்ட்போர்டும். வேக்போர்டு பைண்டிங் கழற்றி பெட்ரூம் அலமாரிக்குப் பக்கத்தில். சப் மார்ச் வரை லாஃப்டில். அந்துருண்டை இருந்தது, எடுத்தாயிற்று.

கடைசியாக ஒரு சந்தேகம். மேல் காடியில் எது, கீழ்க் காடியில் எது? ஹாலில் ஏ.சி. உண்டு, நேர் எதிர்ச் சுவரில்.

---

பிசின்கை

ஃபன்போர்டு கீழே. பாரம் கூடியது கீழே இருந்தால் எடுக்க வைக்கச் சுலபம், இ.பி.எஸ். சீலிங் சூட்டிலிருந்தும் தள்ளி இருக்கும். இரண்டையும் டெக் சுவரைப் பார்த்தபடி, ஃபின் பெட்டி வெளியே. புடைப்பை ஒட்டிய பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் ரேக்கில் ஏற்றுங்கள், அதுவரை தரையில் போர்வை மேல் டெக் மேலாக. ஏ.சி. காற்று நேராக அடிப்பதால் கெடுதல் இல்லை, ஈரத்தை எடுக்கும். ஏ.சி.-யின் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகிறது என்று மட்டும் சுவர்துளை சொன்ன துளைகளைப் போடும் முன் பார்த்துவிடுங்கள்.